மேல் பாட்டுக்கு விட்ட இடம்

அக்காவும் நானும் ஒரே மைக்கில் பாடிப் பழகியவர்கள். எழுபதுகளின் கடைசி வருடங்களில், சேலத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பெண் குரல் என்றால் நாங்கள் இருவர்தான். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, மில் ஆண்டு விழா என்று மாதத்தில் ஏழெட்டு மேடை கிடைக்கும். வீடு அம்மாபேட்டையில். அப்பா நெசவு. வயசுப் பெண்களை மேடைக்கு அனுப்புவதா என்று தெருவில் பேச்சு வந்தபோது அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எங்களோடு அவரும் கிளம்பிவிடுவார். மேடை ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, மடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, கச்சேரி முடியும்வரை ஜனங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பாடும்போது எங்களை ஒரு முறைகூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

பாட்டின் மெட்டை நான் பாடுவேன். அக்கா அதற்கு மேலே இன்னொரு வரி பாடுவாள். நான் ஒரு சுரத்தில் நின்றால் அவள் இரண்டு சுரம் தள்ளி மேலே நிற்பாள். நான் நகர்ந்தால் அவளும் நகர்வாள். குழுவில் அதற்கு மேல் பாட்டு என்று பெயர். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. சின்ன வயதில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே ரேடியோவோடு பாடுவோம். அப்போதே, எனக்கு எட்டாத ஓர் இடத்தில் அவள் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரே குறை, ஒவ்வொரு வரியிலும் என்னைவிட ஓர் இமைப்பொழுது முந்திவிடுவாள்.

"கொஞ்சம் பொறுத்து வாயேன்" என்பேன்.

"நீ வெரசா வா" என்பாள்.

அவளுக்குக் குமாரபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. விசைத்தறி வைத்திருந்த குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"எல்லாம் புடிச்சிருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு. எங்க ஊட்டுப் பொம்பளைங்க மேடையேறிப் பழக்கமில்லீங்க."

"அதுக்கென்னங்க, கல்யாணத்தோட நிறுத்திக்கலாங்க" என்றார் அப்பா.

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அக்கா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாயின் ஓரத்துக் கோரையை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள்மேல் வந்த கோபம் எனக்கு வெகுநாள் ஆறவில்லை.

அதற்குப் பிறகு தனியாகப் பாடினேன். மைக்குக்கு நேராக நின்றால் போதும். ஆனால் கால் பழக்கத்தில் வலது பக்கமே ஒதுங்கி நிற்கும். மைக் செட்காரர் ஒவ்வொரு ஊரிலும் வந்து, "நடுவுல நில்லும்மா" என்று மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டுப் போவார். இரண்டு குரல் வேண்டிய பாட்டுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆடி மாதம் அம்மாபேட்டைத் திருவிழாவுக்கு அக்கா வருவாள். கூடச் சேர்ந்து பாடு என்று கேட்டால், "தொண்ட கட்டியிருக்குது" என்பாள். அடுத்த வருடமும் அதே தொண்டைக்கட்டு. பிறகு நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

இப்படியே ஆறு வருடம் போனது.

எங்கள் குழுவின் கீபோர்டு அண்ணனுக்குச் சிங்கப்பூரில் ஒரு மைத்துனர். ஒருமுறை ஊருக்கு வந்தபோது அவர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். இரண்டு நோட்டுப் புத்தகத்தை அடுக்கிய அளவு, கறுப்பு நிறம், முகப்பில் சிவப்பு எண்கள் எரியும் சின்னக் கண்ணாடி, வலது பக்கம் ஒரு பெரிய திருகு. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டு மாடியில்தான் எங்களுக்கு ஒத்திகை. அங்கே அண்ணன் என் மைக் ஒயரை அந்தப் பெட்டியில் செருகினார். திருகைத் திருப்பி எண்ணை நான்கில் நிறுத்தினார்.

"சும்மா ஆ-ன்னு ஒரு ஆகாரம் புடி" என்றார்.

பிடித்தேன். ஸ்பீக்கரில் என்னோடு இன்னொரு பெண் பாடினாள். எனக்கு மேலே, சரியாக அந்த இடத்தில். நான் சட்டென்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே தண்ணீர்க் குடமும் டிரம் செட்டின் உறையும் இருந்தன.

"பயந்துட்டியா? உன் கொரல்தான். நீ பாடப்பாட அப்பவே எடுத்து, நாலு சாவி மேல ஏத்தி விடுது" என்று கீபோர்டில் நான்கு சாவி எண்ணிக் காட்டினார்.

இன்னொரு முறை பாடிக் கேட்டபோது தெரிந்தது, அது அக்கா இல்லை. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடும் நான். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மேட்டூர் அணைக் காற்று அடித்த மாதிரி உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

முழுப் பாட்டைப் பாடியபோதுதான் பெட்டியின் லட்சணம் புரிந்தது. அது நான்கு என்றால் நான்கு, அதைத் தவிர ஒன்றும் அறியாது. மேல் பாட்டு அப்படிப் போவதில்லை. சில இடங்களில் நாலு சாவி, சில இடங்களில் மூணு. மாறவேண்டிய இடத்தில் மாறாவிட்டால் பாட்டு கல் மிதித்த மாதிரி நொண்டும். அக்கா இதை ஒருநாளும் எண்ணியதில்லை. எங்களுக்கு எண்ண வேண்டியிருந்தது. என் பாட்டு நோட்டில் ஒவ்வொரு வார்த்தையின் தலைக்குமேலும் பென்சிலால் மூணு, நாலு என்று அண்ணன் எழுதினார். வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் திருகைத் திருப்புவார். அவருக்குக் கை போதாத பாட்டுகளுக்கு நானே பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு, மைக்கை ஒரு கையிலும் திருகை ஒரு கையிலும் பிடித்துப் பாடக் கற்றேன். விரல் அசையும்போது குரல் ஒரு வழுக்கு வழுக்கி அடுத்த இடத்தில் நிற்கும். அந்த வழுக்கலைக் கமகம்போல ஆக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஒன்றை மட்டும் சரியாக்கவே முடியவில்லை. பெட்டி எப்போதும் எனக்குச் சற்றுப் பின்னால்தான் வந்தது. என் குரலைக் கேட்டபிறகுதானே அது பாட வேண்டும்.

மேடையில் ஜனங்களுக்கு அது பெரிய வேடிக்கை. நாமகிரிப்பேட்டையில் ஒரு பெரியவர் மேடைக்கு ஏறி வந்து, "இன்னொரு புள்ள பாடுச்சே, அது எங்கீங்க?" என்று திரைச்சீலையைத் தூக்கிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எடுத்துவிட்ட பாட்டுகள் எல்லாம் திரும்பப் பட்டியலில் வந்தன.

அடுத்த பங்குனியில் குமாரபாளையத்திலேயே எங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் கச்சேரி கிடைத்தது. அக்காவுக்குக் கார்டு போட்டேன். பெட்டியைப் பற்றி எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டால், அவள் இல்லாமலும் பாட்டு நடக்கிறது பார் என்று காட்டும் ஆசை எனக்குள் இருந்தது. ஆறு வருடத்துக் கோபம்.

சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்தோம். அக்கா பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில், மாமியாரோடு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாவது பாட்டு எங்கள் பாட்டு. நாங்கள் முதல் மேடையில் பாடியது. திருகில் கை வைத்துப் பாடினேன். முதல் அடியிலேயே அக்கா நிமிர்ந்தாள். மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். சரணத்துக்கு வந்தபோது அவள் இடத்தில் மாமியாரும் குழந்தையும் மட்டும் இருந்தார்கள். பாட்டு முடிந்து கைதட்டல் வந்தது.

அன்று ராத்திரி ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மறுநாள் காலையில் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் தூக்குப் போசி நிறைய இட்லி. போசியைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டாள்.

"நேத்து மேல பாடுனது யாரு?"

"யாருமில்லக்கா. ஒரு பொட்டி."

"பொய் சொல்லாத. மேடைக்குப் பின்னாடி சுத்தி வந்து பாத்தேன். ஜெனரேட்டருக்கிட்டவரைக்கும் போயிப் பாத்தேன். புதுசா ஒருத்தியச் சேத்துக்கிட்டு எங்கிட்டச் சொல்லாம மறைக்கறயோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கீபோர்டு அண்ணனிடம் கேட்டேன். பாவம், கட்டிய துணியை அவிழ்த்து, பெட்டியையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் வகுப்பறை மேஜைமேல் வைத்து ஒயர் மாட்டிக் கொடுத்தார். நான் இரண்டு வரி பாடிக் காட்டினேன். அக்கா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு மைக்கை வாங்கினாள்.

"ஏனுங்கண்ணா, இது கீழயும் எறங்குங்களா?"

"எறங்கும்மா." திருகை மறுபக்கம் சுற்றினார்.

அக்கா மேல் பாட்டைத் தொடங்கினாள். அவள் குரலுக்கு அடியில், குடித்துவிட்டு வந்த ஆம்பளையைப்போல ஒரு தடித்த குரல் கூடவே எழுந்தது. குழந்தை வீரிட்டது. நாங்கள் மூன்று பேரும் சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டோம்.

"இன்னொருக்கா" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இந்த முறை சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். ஆறு வருடம் பாடாத தொண்டை முதலில் கரகரத்தது, பிறகு திறந்துகொண்டது. அண்ணன் நோட்டில் இருந்த எண்களைப் பார்த்துத் திருகைத் திருப்பிக்கொண்டே வந்தார். கீழே அந்த ஆண்குரலில் பாட்டின் மெட்டு, நான் பாடும் மெட்டு, தள்ளாடித் தள்ளாடி நடந்தது. நான் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் அக்கா நின்று நின்று பாடினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கேட்டேன். மேல் பாட்டை வெளியில் நின்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கூடப் பாடும்போது அது காதில் விழுவதில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. அக்காவின் மாமியார். அக்கா சட்டென்று மைக்கைக் கீழே வைத்தாள்.

"ஏன் நிறுத்திப்புட்ட? முடிச்சுட்டு வா சாமி. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் அவர். இட்லிப் போசியைத் திறந்து அண்ணனுக்குத் தட்டில் வைக்கப் போய்விட்டார்.

அவர் நகர்ந்ததும் அக்காவின் கையைப் பிடித்தேன். "அவங்க பாடக்கூடாதுன்னு சொன்னாங்கன்னுதானே பாடாம இருந்தே?"

"மேடைதான் வேண்டாம்னாங்க. ஊட்டுல பாடாதேன்னு ஒருநாளும் சொன்னதில்ல."

"அப்பறம் ஏன்க்கா? ஆடிக்கு வந்தப்பக்கூடப் பாடல."

அவள் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "ஒரு நாள் சேந்து பாடிட்டு மறுநா இங்க வந்து என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உம் பாட்டுக்கு மேலதான் கண்ணு. இங்க வந்த புதுசுல சமையல்கட்டுல பாடிப் பாத்தேன். நீ இல்லாம அது பாட்டாவே இல்ல. ஒண்ணும் புரியாம அந்தரத்துல நிக்கற மாதிரி இருந்துச்சு. உட்டுட்டேன்."

வேன்காரர் ஹாரன் அடித்தார். குழந்தையை வாங்கிக்கொண்டாள். நானும் ஏறிவிட்டேன். சங்ககிரி தாண்டும்போதுதான் உறைத்தது. அவள் பெட்டியோடு பாடினாள், நான் பெட்டியோடு பாடினேன். ஒரே அறையில் அரை மணி நேரம் நின்றும் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வரி பாடவில்லை. வேனைத் திருப்பச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை.

ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆடிக்கு முன்பே அக்காவின் கணவர், பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் தறி போட்டிருந்த தன் தம்பியோடு தொழிலில் சேர்ந்து, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியனுப்ப ஈரோடு ஜங்ஷனுக்கு நானும் அப்பாவும் போனோம். மூட்டைகளை எண்ணிக்கொண்டும் குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டும் நேரம் ஓடியது. வண்டி நகரும்போது அக்கா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"கேசட்ல பதிஞ்சு அனுப்பு! நீ மட்டும் பாடு. பொட்டி வேண்டாம். மேல எடம் உட்டு வெய்!"

அந்த வாரமே ஃபேர்லேண்ட்ஸ் மாடியில் உட்கார்ந்து பதிந்தேன். கீபோர்டு அண்ணன் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினோரு பாட்டு. பெட்டி துணி போர்த்தி மூலையில் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் எப்போது நுழைவாள் என்று மனத்துக்குள் கேட்டுவிட்டுத்தான் நான் தொடங்கினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. குழந்தைக்கு அம்மை போட்டு இறங்கியது, அங்கே மழை நிற்பதே இல்லை என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி எழுதியிருந்தாள். தறி ஓடும்போது ஒன்றும் கேட்காது. மத்தியானம் கரண்ட் போனால்தான் சத்தம் நிற்கும். அப்போது பக்கத்து வீட்டு டேப்ரிக்கார்டரை வாங்கி, பேட்டரி செல் போட்டு, உன்னைப் பாடவிட்டுக் கூடவே பாடுகிறேன். அந்த டேப்ரிக்கார்டரில் செல் பழசு. பாட்டு பாதிக்கு வரும்போது உன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. நானும் கூடவே இறங்கிக்கொள்கிறேன், ஒன்றும் கஷ்டமில்லை.

கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். வரும்போது நாலு புது செல் வாங்கி வந்தார். மிச்சத் துணியில் அவற்றைச் சுற்றித் தைத்து, விலாசம் எழுதி, மறுநாள் தபாலில் சேர்த்தோம்.