அம்மாவின் அழுகையைக் காப்பி எடுத்தவர்கள்

இரட்டைக் கேசட் ரேடியோவை எவன் கண்டுபிடித்தானோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஒரு பக்கம் பாடுகிற கேசட், இன்னொரு பக்கம் வெறும் கேசட், அழுத்துவதற்கு ஒரு பொத்தான். அழுத்திவிட்டு மனுஷன் தேத்தண்ணி குடிக்கப் போய்விடலாம். திரும்பி வந்து பார்த்தால் ஒன்று இரண்டாகியிருக்கும். எண்பதுகளில் எங்கள் தோட்டத்தில் அந்தப் பெட்டிக்குச் சூடம் காட்டாத குறைதான். கல்யாணச் சீரில் கட்டில் இருந்ததோ இல்லையோ, அது இருந்தது.

அந்தப் பெட்டிகளைச் செய்த கைகளில் என் கையும் ஒன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து பெண்பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு ஒரு பஸ் ரவாங் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே நான் பகல் முழுக்க ரேடியோவுக்கு வயர் பற்றவைத்தேன். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அதனால் மெஷினே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். பெட்டியின் மேல் எனக்குக் கோபம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் பொத்தானை அழுத்திய கையின் மேல்.

என் தம்பி ஈயம் தோண்டிய குட்டையில் மூழ்கிச் செத்தான். பள்ளிக்கூட விடுமுறையில் தூண்டில் போடப் போனவனை மறுநாள் மிதக்கும்போதுதான் பார்த்தோம். கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். லயத்து வீட்டின் முன்னறையில் கிடத்தினோம். எங்கள் பக்கத்தில் சாவு என்றால் உடனே மைக்செட்காரருக்குச் சொல்லியனுப்புவார்கள். அவர் வந்து மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி சாமிப்பாட்டுப் போடுவார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று அறிவிப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு டவுனில் கேசட் கடையும் இருந்தது.

அப்பாதான் அவரிடம் கேட்டார், அழுகையைப் பதிவு செய்து தரச்சொல்லி. இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், எங்களிடம் அந்த வழக்கம் இருந்தது. அம்மாவின் தங்கச்சி குடும்பம் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்கள் என்று வேலை போய், கப்பலேறித் தமிழ்நாட்டு ஊருக்குப் போய்விட்டது. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சாவுக்கு வரவும் வழியில்லை. அதனால் கேசட்டின் ஒரு பக்கத்தில் நாங்கள் இங்கே அழுது, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். மறுபக்கத்தில் அவர்கள் அங்கே அழுது திருப்பியனுப்புவார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாக உட்கார்ந்து அழ எங்களுக்கு இருந்த ஒரே வழி அது.

அம்மாவுக்கு ஒப்பாரியெல்லாம் தெரியாது. மற்ற சாவு வீடுகளில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவள். அன்றைக்கு மைக்செட்காரர் மைக்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. தம்பியின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். “சைக்கிளுக்குக் காத்தடிச்சு வச்சியே என் சாமி, அத யாருடா ஓட்டுவா?” என்றாள். பிறகு எங்கள் யாருக்குமே தெரியாத ஒன்றைச் சொன்னாள். “முந்தாநேத்து ஒன்ன அடிச்சேனேடா, சோறு திங்காம படுத்தியேடா, இந்தக் கை வெந்து போவாதா?” என்று தரையில் கையை அறைந்தாள். அவளைத் தூக்கி நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அதற்கப்புறம் அம்மா அதைப் பற்றிப் பேசவேயில்லை. கேசட் ஊருக்குப் போனது. சின்னம்மா அழுத பக்கத்தோடு திரும்பியும் வந்தது. அம்மா தங்கச்சியின் பக்கத்தை மட்டும் கேட்டாள். தன் பக்கத்தைப் போடவிடவில்லை. அலமாரியில் தம்பியின் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தாள், வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அது போதும் என்று இருந்தோம்.

சில மாதம் கழித்து ஒரு நாள் காலை, தொழிற்சாலை பஸ்ஸில் என் பக்கத்தில் வேறொரு தோட்டத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். நல்லவள், வாய் ஓயாது. அவர்கள் வீட்டில் பெரியப்பா இறந்துபோயிருந்தார்.

“மைக்செட்ல ஒரு அழுவக் கேசட் போட்டாங்கடி. சைக்கிளுக்குக் காத்தடிச்சு வச்சியேன்னு ஒரு அம்மா அழுவுது பாரு, வெரட்டி வேல வாங்குற எங்க மண்டோரே கண்ணத் தொடச்சாரு.”

“ஒங்க பெரியப்பா சைக்கிள் ஓட்டுவாரா?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“எங்கலா ஓட்டுறது? சக்கர வியாதில காலயே எடுத்துட்டாங்களே.”

கால் இல்லாத கிழவருக்கு என் அம்மா சைக்கிளைச் சொல்லி அழுதிருக்கிறாள். அன்றைக்கு வேலையில் சூட்டுக்கோலால் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நேராக டவுனுக்குப் போனேன். கடையின் சுவரெல்லாம் கேசட். அட்டைப் படங்கள்கூட காப்பி, கறுப்பு வெள்ளையில் நடிகைகளின் முகம் புகைந்துபோயிருந்தது. அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அந்தப் பெட்டி சுற்றிக்கொண்டிருந்தது.

“அண்ணே, எங்கம்மா அழுததக் காப்பி எடுத்து வெளிய குடுத்தீங்களா?”

அந்த மனுஷன் கொஞ்சமாவது தலை குனிவார் என்று நினைத்தேன். “ஒக்காரு தங்கச்சி” என்று ஸ்டூலைத் தள்ளினார். “இப்ப உள்ள புள்ளைங்களுக்கு எங்க அழத் தெரியுது? டிவி முன்னாடியே கெடக்குதுங்க. சாவு வீடு ஊமையா இருக்கு. நான் இத போட்டேன்னா நாலு பேரு மனசு விட்டு அழுவுறாங்க. புண்ணியம்லா இது.”

“எங்களக் கேட்டீங்களா?”

“காப்பிதானே எடுத்தேன்? ஒங்க கேசட்ட ஒங்ககிட்ட குடுத்துட்டேன்ல. அதுல ஏதாச்சும் கொறஞ்சிச்சா?”

இந்தக் கேள்வியை அதற்கப்புறம் என் வாழ்நாளில் எத்தனையோ வாயிலிருந்து கேட்டுவிட்டேன். வீடியோ கடைக்காரன் கேட்டான், பிற்பாடு கம்ப்யூட்டர் வைத்திருந்த பிள்ளைகள் கேட்டார்கள், இப்போது கைப்பேசி வைத்திருக்கிறவர்கள் கேட்கிறார்கள். உன்னுடையது உன்னிடம்தானே இருக்கிறது, அப்புறம் என்ன? திருடன்கூட எடுத்துக்கொண்டு ஓடுகிறான், ஓடும்போது அவனுக்கே தெரியும் தான் திருடன் என்று. இவர்கள் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து நியாயம் பேசுகிறார்கள்.

“நீ கேக்குற பாட்டெல்லாம் என்னா ஒரிஜினலா? பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வாங்குறப்ப மட்டும் இனிக்குதா?” என்றார்.

அது உண்மைதான். எங்கள் தோட்டமே காப்பி கேசட் கேட்டுத்தான் வளர்ந்தது. ஒரிஜினலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்ததோடு சரி. சினிமாவில் பாடியவர்களுக்கு நாங்கள் செய்தது நியாயம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவர்கள் உலகம் கேட்கட்டும் என்று பாடினார்கள். என் அம்மா பாடவேயில்லை. பெற்ற பிள்ளையிடம் பேசினாள். அவனை அடித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அதை எடுத்துப்போய்க் கால் இல்லாத கிழவருக்குப் போடுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது? அன்றைக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. இப்போது வருகிறது, அவர்தான் இல்லை.

அவர் குரலைத் தாழ்த்தி, பெரிய உபகாரம் செய்தவர்போல அடுத்ததைச் சொன்னார். “ஒன் தம்பி பேரு வர்ற எடமெல்லாம் நிறுத்தி நிறுத்தி அழிச்சிட்டேன் தங்கச்சி. எவ்ளோ வேல தெரியுமா? இப்ப அது யாரோட அழுகையும் இல்ல. எல்லாருக்கும் பொது.”

எல்லாக் கேசட்டையும் கொடுங்கள் என்று கத்தினேன். சாமான் வாங்க வந்த தோட்டத்து ஆட்கள் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் சலிப்போடு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். இன்னொன்று கோலசிலாங்கூர் மைக்செட்காரரிடம் இருக்கிறதாம், ஒன்று தஞ்சோங் காராங்கில். அவர்கள் யார் யாருக்கு எடுத்துக் கொடுத்தார்களோ, அவருக்குத் தெரியாதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தம்பியின் பேரை நானும் இங்கே எழுதவில்லை. இந்தத் தாளையும் எவனாவது காப்பி எடுப்பான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மட்டும் சொன்னேன். “ஒங்கம்மா காதுல விழாம பாத்துக்க” என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். எங்கள் தோட்டத்து மண்டோர் வீட்டு அக்காவுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. “ஒங்கம்மா கொரலு தோட்டம் தோட்டமா போவுதாமே, பெருமதானே?” என்று குழாயடியில் கேட்டாள். அவள் தண்ணீர்த் தோம்பை உதைத்துக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

அன்றிலிருந்து அம்மாவை எந்தச் சாவுக்கும் போகவிடவில்லை. தலைவலி என்றேன், பஸ் போய்விட்டது என்றேன், ஒரு தடவை நானே காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். தோட்டத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். சாவுக்குப் போகாவிட்டால் ஒதுக்கிவைத்துவிடுவார்கள். பிள்ளை செத்தபோது எல்லாரும் வந்தார்களே, இந்த வீட்டுக்காரி எங்கே என்று பேச ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கும் அது உறுத்தியது.

பிறகு கம்போங் குவாந்தானுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பெரியம்மா முறையில் ஒரு கிழவி இறந்துபோனாள். எண்பது வயது, நல்ல சாவு. அந்த வீட்டு ஆண்கள்தான் என் தம்பியைத் தோளில் தூக்கிப்போனவர்கள். போகாமலிருக்க எந்தப் பொய்யும் செல்லாது. நான் லோரியிலிருந்து முதல் ஆளாகக் குதித்து மைக்செட்டைப் போய்ப் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத ஆள். சாமிப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். “எந்தக் கேசட்?” என்று முழித்தான். அப்பாடா என்று அம்மாவைப் பெண்களோடு உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிழவியைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சாமிப்பாட்டு நின்றது. குழாயில் கரகரவென்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு அழுகை.

எழுந்து ஓடுவதற்குள் என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். தன் குரல் என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. யாரோ அழுகிறாள் என்று அவளுக்கும் கண் கலங்கியது. சைக்கிள் வந்ததும் நெற்றியைச் சுருக்கினாள். “முந்தாநேத்து ஒன்ன அடிச்சேனேடா” என்று குழாய் சொன்னபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

கேசட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம், ஒரு நொடி வெறுமை. பேரை அழித்த இடம். அம்மா தலையைத் தூக்கினாள். மறுபடியும் ‘டக்’. அங்கே என்ன இருந்தது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? மூன்றாவது தடவை அந்த வெறுமை வந்தபோது அம்மா வாய்விட்டுத் தம்பியின் பேரைச் சொன்னாள். அடுத்ததற்கு இன்னும் சத்தமாகச் சொன்னாள். அவன் செத்த நாளுக்குப் பிறகு அந்தப் பேர் அவள் வாயில் வந்து நான் கேட்டதேயில்லை.

பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். கிழவியின் மூத்த மருமகள் கையில் மஞ்சளோடு எங்களிடம் வந்தாள்.

“இந்தாக்கா, எங்க வீட்டு சாவுல ஒங்க புள்ள பேரச் சொல்லி அழுவுறீங்களே, நல்லாவா இருக்கு? எங்க அத்தைக்கு அழுவுற நேரம் இது. சும்மா இருங்க.”

“அதுல அழுவுறது எங்கம்மாதான்!” என்று கத்தினேன். “அது எங்க தம்பிக்கு அழுதது!”

“கேசட்டுல வர்றது ஒங்கம்மாவா? போலா” என்றாள் ஒருத்தி. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், சாவு வீட்டில். மருமகள் அம்மாவின் தோளைத் தொட்டு, “அமைதியா இருங்கக்கா, அழுவக் கேக்க வேணாமா?” என்றாள்.

அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். மரத்துக் குழாயில் அவள் தொடர்ந்து அழுதுகொண்டிருந்தாள். எல்லாரும் நன்றாக அழுதார்கள்.