இரண்டு சதவீதம் தர மாட்டேன்

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை பத்து இருபது. மேற்கே பாபநாசம் பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. பாளையங்கோட்டையில் சொட்டு மழையில்லை. காற்று மட்டும் என் வீட்டு கேட்டை மூன்று முறை திறந்து அடித்தது. நான்காம் முறை திறந்தவர் தரகர்.

வீட்டை விற்றாக வேண்டிய நிலை எனக்கு. படுக்கையறைக்குப் பதினேழு படி, முழங்கால் மறுத்துவிட்டது. பெருமாள்புரத்தில் தரைத்தள ஃப்ளாட் ஒன்றுக்கு இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்திருந்தேன். டிசம்பர் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அந்த இரண்டு லட்சம் போய்விடும்.

தரகர் ஆறு நிமிடத்தில் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு லட்சத்துக்குப் போவும் அண்ணாச்சி. நமக்கு ரெண்டு பெர்சென்ட். பத்திரம் முடிஞ்ச அன்னைக்குத் தந்தாப் போதும்."

எண்பத்து நாலாயிரம்!

"முப்பத்தொரு வருசம் தபாலாபீஸ்ல இருந்தவன்வே நான். தபால்தலை எடைக்குத்தான். உள்ள கல்யாணப் பத்திரிகையா சொத்துப் பத்திரமான்னு ஒருநாளும் பாத்ததில்ல."

"மணியார்டருக்கு நூத்துக்கு அஞ்சு வாங்குனீங்களே, அது என்ன கணக்கு?"

"அது சர்க்கார் வாங்கினது. ஆள் கூட்டிட்டு வாரும். தடவைக்கு ஆயிரம். வித்தாலும் சரி, விக்காட்டியும் சரி, கையில காசு. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "சரி அண்ணாச்சி" என்றார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முதல் வாரம் மூன்று தடவை. அடுத்த வாரம் ஐந்து. நாங்குநேரியிலிருந்து வந்த ஒருவர் தென்னை எத்தனை காய் காய்க்கும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். ஒரு தம்பதி கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுப் பைகளோடு வந்து, ஃபேனுக்கு அடியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். வீடு பார்க்க வருகிறவரைக் காப்பி கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் எனக்கில்லை. எல்லோரும் காப்பி குடித்தார்கள். விலையை ஒருவரும் கேட்கவில்லை.

இருபத்தாறாம் தடவை பொறுமை போயிற்று.

"வாங்குத ஆளாக் கூட்டிட்டு வாரும்வே!"

"வாங்குத ஆளைத் தேடிப் பிடிக்கத்தான் அண்ணாச்சி ரெண்டு பெர்சென்ட். நீங்க வெறும் ஆளுக்குல்லா ரேட்டு போட்டிருக்கீங்க."

ஆனாலும் ஆயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். சொன்ன பேச்சு என்னுடையது. அதை மாற்றினால் எண்பத்து நாலாயிரத்துக்குத் தலையாட்டியதாகிவிடும்.

நவம்பரில் மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். "ஏம்ப்பா, அவரு கேட்டதக் குடுத்துத் தொலைங்க. ரெண்டு லட்சம் போவப்போவுது. யாரு மேல வீம்பு?"

"யார் மேலயும் இல்ல. கணக்கு மேல."

போனை வைத்தபின் படிகளில் உட்கார்ந்து பார்த்தேன். கொடுத்தது ஐம்பத்தோராயிரம், மீதி நாள் நாற்பத்து மூன்று. பயமாகத்தான் இருந்தது. பயந்தால் கொடுத்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஐம்பத்தெட்டாம் தடவை ஓர் அம்மாள் வந்தார். மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சமையலறை ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். காப்பியைத் தொடவில்லை. "கடைசி விலை சொல்லுங்க சார்" என்றார்.

தரகரின் முகம் வெளிறியது. அந்த அம்மாள் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆள் எண்ணிக்கைக்குத்தான் அண்ணாச்சி அவங்களக் கூட்டியாந்தேன். எங்க தெருக்காரங்க. நெசமாவே வாங்கிட்டாங்கன்னா என் பொழப்ப நினைச்சுப் பாருங்க. ஒரு பெர்சென்டாவது..."

"நீர் வித்தீரா? அவுங்களா வாங்குதாங்க. தடவைக்கு ஆயிரம், இந்தாரும்."

நாற்பத்திரண்டு லட்சத்துக்கே முடிந்தது. டிசம்பர் 18 அன்று பத்திரப் பதிவு. அந்த அம்மாள் தரகருக்குத் தன் பங்காக ஒரு சதவீதம் கொடுத்தார். அது அவர் இஷ்டம். கையெழுத்து முடித்து வெளியே வந்தால் வாசலில் தரகர் நிற்கிறார்.

"இன்னைக்கும் ஆளக் கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன் அண்ணாச்சி."

யோசித்தேன். பேச்சுப்படி அது சரிதான். எடுத்துக் கொடுத்தேன்.

ஐம்பத்தொன்பது தடவைக்கு ஐம்பத்தொன்பதாயிரம். நூற்று இருபத்தொரு காப்பி, பத்து ரூபாய் வீதம் ஆயிரத்து இருநூற்றுப் பத்து. ஆக மொத்தம் அறுபதாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.