அடிவாங்குகிறவன் நிறம்

என்னைப்போல ஒரு மடையன் ஒரகடத்திலேயே கிடையாது. கம்பெனிச் சுவரில் புதிதாக ஒட்டிய பாதுகாப்புப் படக்கதையைப் படிக்காமல் முகர்ந்துகொண்டு நின்றேன். அந்த மை வாசனை, இன்று லாரிகள் நிற்கும் இடத்தில் என் சின்ன வயதில் இருந்த பென்னலூர் சலூனுக்கு இழுத்துப்போனது: கத்தரிச் சத்தம், சோப்பு நுரை, பக்கங்களுக்கிடையே யாருடைய முடியோ ஒட்டிய காமிக்ஸ்கள். வெளிநாட்டு வீரன் துப்பாக்கியை நம்பினான், நம்மூர் வீரன் வரத்தை நம்பினான். இருவரிடமும் அடிவாங்கியவன் மட்டும் என் நிறம். நானோ அவன் விழும்போதெல்லாம் கைதட்டிவிட்டு, கழுத்துக்குப் போடும் பவுடரை முகமெல்லாம் அப்பச் சொல்வேன். 

இந்தச் சுவர்ப் படக்கதையிலும் மெஷினில் விரலை விடுகிறவன் கறுப்பு, புத்தி சொல்கிறவன் வெளுப்பு.

"இன்னாப்பா, இதுலயும் நம்ம கலராத்தான் கீறான்?" என்றேன், பக்கத்திலிருந்த திருநெல்வேலித் தம்பியிடம்.

"வெரலும் நம்மளதுதாம்ணே."