நெஞ்சுக்குள் போன குண்டூசி

பர்தா குத்தும்போது ஊசிகளை உதட்டில் கடித்துக்கொள்வது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்கிற மடத்தனம். இரண்டு கையும் துணியில் இருக்கும். ஊசியை வேறு எங்கே வைப்பது? தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வகுப்புப் படிக்கும் காலத்தில், நானும் ஒரு காலை அப்படித்தான் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். வாசல் கேட்டடியில் கூட்டாளி கத்தினாள்.

"என்னகா, கலியாணத்துக்கா சோடிக்காய்? பஸ் போயிட்டு!"

அவளுக்கு ஏசத்தான் வாயைத் திறந்தேன். மூச்சை இழுத்தேன். ஊசி உள்ளே போய்விட்டது.

முதலில் பயங்கரமான இருமல். பிறகு ஒன்றுமில்லை. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. உம்மா வாழைப்பழத்தை என் வாயில் திணித்தார். "முழுங்கு மகள், நாளைக்கு வெளியால வந்திரும்."

வரவில்லை. கல்முனை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரம் காயாத பிலிமை டொக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். ஊசி வயிற்றில் இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளைக் கீறலாக நின்றது.

"இது சுவாசக் குழாய்க்குள்ள இரிக்கி. கொழும்புக்குக் கொண்டு போங்க. இருமாமப் போகணும்."

இருமல் என்ன, கேட்டுக்கொண்டா வருகிறது? மூச்சு விடவே பயந்தேன். பஸ் பள்ளத்தில் விழும்போதெல்லாம் நெஞ்சைப் பொத்திக்கொண்டேன். யுத்த காலம்; சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரன் உறையிலிருந்து பிலிமை இழுத்து வெயிலில் பிடித்தான். ஊசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திருப்பித் தந்தான். துவக்கு வைத்திருக்கிறவனுக்கே முகம் மாறிவிட்டது. அங்கேதான் இருமல் வந்தது. அடக்க முடியவில்லை.

கூட வந்த வாப்பா வழியெல்லாம் ஒன்றையே முணுமுணுத்தார். "யா அல்லாஹ், நெஞ்சக் கீறிப் போடுவானுகளோ, கலியாணம் முடிக்காத குமருப்புள்ள."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் சாவுக்குப் பயந்துகொண்டிருக்கிறேன், இந்த மனுசன் தழும்புக்குப் பயப்படுகிறார்!

கொழும்பு டொக்டர் எங்கள் பிலிமைப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார். "இது பழைய படம். நீங்க வந்த தூரத்துல ஊசியும் நகர்ந்திருக்கும்." அங்கே புதிதாக இறக்கிய ஒரு மெஷின் இருந்தது. வாப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, பிலிம் போட மறந்திட்டீங்களே?"

படம் எடுக்கிறவர் சிரித்தார். "பிலிமே இல்ல நானா. இந்தத் தகடுதான். நெஞ்சத் தாண்டி வாற கதிர இது பிடிச்சு மின்சாரமாக்கி கம்பியூட்டருக்கு அனுப்பும். கழுவத் தேவல்ல, காயத் தேவல்ல."

குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்றேன். நான் உடுப்பைச் சரிசெய்வதற்குள் திரையில் படம் வந்துவிட்டது. டொக்டர் ஏதோ திருகினார். எலும்புகள் மங்கின, ஊசி பளிச்சென்று தெரிந்தது. பிலிமில் பார்த்த இடத்தில் அது இல்லை. கீழே இறங்கியிருந்தது.

"இன்னும் கீழ போனா நெஞ்சத் திறக்கத்தான் வேணும். இப்பவே வாயால குழாய் விட்டு எடுத்துப் பாப்பம்."

"வரல்லெண்டா?" என்று கேட்டேன்.

டொக்டர் மயக்க மருந்து கொடுப்பவரைக் கூப்பிட்டார்.

விழித்தபோது தொண்டை புண்ணாக எரிந்தது. ஒரு சின்னப் போத்தலில் ஊசியைக் காட்டினார்கள். நான் நம்பவில்லை. எந்த ஊசியையும் போட்டுக் காட்டலாமே. இன்னொரு படம் எடுக்கச் சொல்லி அடம்பிடித்தேன். எடுத்தார்கள். திரையில் விலா எலும்பு மட்டும்தான்.

"திரும்பக் காட்டுங்க."

"நெஞ்சுல ஒண்டுமில்ல புள்ள," என்றார் வாப்பா. "எல்லாம் உன்ட வாயிலதான் இரிக்கி." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி அழுதார். தழும்புக்கு மட்டும் பயந்த மனுசன் அப்படி அழமாட்டார்.

ஊருக்கு வந்து இறங்கினோம். ஆட்டோச் சத்தம் கேட்டு உம்மா கேட்டடிக்கு ஓடி வந்தார். தலைத்துணியைப் பாதிதான் குத்தியிருந்தார். இன்னொரு ஊசி உதட்டில்.

"வந்திட்டியா மகள்?" என்றார், பல்லுக்கிடையால்.

"துப்புங்க உம்மா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் திடுக்கிட்டு மூச்சை இழுத்தார். என் உயிர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

ஊசி மணலில் விழுந்தது. நான் அதைச் செருப்பால் மிதித்துக்கொண்டு, காலை எடுக்காமல் நின்றேன்.