அரைச்சுவருக்கு அப்பால் கேட்ட விமானம்

1. மேசைக்கு அடியில்

மாத்தளை நகரில் நான் வரலாறு படிப்பித்த பாடசாலையில் வகுப்புகளைப் பிரிப்பது இடுப்பளவு அரைச்சுவர்தான். ஒரு வகுப்பில் தும்மினால் மூன்று வகுப்புக்குக் கேட்கும். அந்தக் கட்டடத்தில் பாடம் நடத்துகிறவர் ஒன்று மெதுவாகப் பேசிப் பழக வேண்டும், அல்லது என்னைப் போல நடிகராக வேண்டும்.

உலகப் போர்களில் போர் விமானங்களின் பங்கு என்ற பாடத்தில் நான் பெயர்போனவன். முதலாம் போரில் மரச்சட்டமும் துணியுமாக விமானம் வேவு பார்க்கப் போனது, எதிரெதிரே வந்த விமானிகள் கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொண்டது, பிறகு சுழலும் விசிறிக்கு நடுவே சுடும் இயந்திரத் துப்பாக்கி வந்தது, எல்லாம் நடிப்போடு போகும். இரண்டாம் போரில் டஸ்டர்தான் குண்டுவீச்சு விமானம், சாக்குக் கட்டிதான் அதைத் துரத்தும் சண்டை விமானம். ஜப்பான் விமானங்கள் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் வந்த இடத்தில் இரண்டு கைகளையும் விரித்து மேசைகளுக்கு நடுவே ஓடுவேன். பிள்ளைகள் மேசையைத் தட்டித் துப்பாக்கிச் சத்தம் போடுவார்கள். தாழப் பறக்கும் விமானத்தின் இரைச்சல் என் வாயிலிருந்து வரும். கடைசியில் டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் மேசையில் ஓங்கி ஓர் அடி.

ஒரு நாள் பதினோராம் வகுப்பில் அப்படி அடித்து முடித்ததும் பக்கத்து எட்டாம் வகுப்பில் கதிரைகள் விழும் சத்தம் கேட்டது. அரைச்சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். புதிதாக வந்த கணித டீச்சர் தரையில் கிடந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேரை மேசைக்கு அடியில் இழுத்துப் போட்டு, அவர்கள்மேல் கவிழ்ந்து, தன் முதுகால் மூடியிருந்தார்.

டீச்சர் கடைசிச் சண்டை நடந்த முல்லைத்தீவுப் பக்கம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொன்னது இது:

"பயப்படாதீங்க டீச்சர், இது ரெண்டாம் உலகப் போர்தான்."

இரண்டு வகுப்பும் சிரித்தது. நானும் சிரித்தேன். டீச்சர் எழும்பி, சேலைத் தூசியைத் தட்டிவிட்டு, விட்ட கணக்கைத் தொடர்ந்தார். கரும்பலகையில் அவர் எழுதிய எழுத்து கோணல்மாணலாகப் போனது. அதைக் கண்ட பிறகுதான் என் சிரிப்பு நின்றது.

2. அலுவிகாரையில்

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டார். டீச்சர் இடமாற்றம் கேட்கப் போகிறாராம். கணிதத்துக்கு ஆள் கிடைக்காமல் நாங்கள் பட்ட பாட்டை நினைவுபடுத்திவிட்டு, "நீங்கதான் போய்ப் பேசணும் சேர்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டீச்சர் நகரை ஒட்டிய அலுவிகாரையில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் மனைவியையும் அழைத்துப் போனேன். தேத்தண்ணி வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, பாடம் அப்படி, பழக்கம் அப்படி என்று ஏதேதோ அளந்தேன். டீச்சர் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க சிரிச்சது போகட்டும் சேர். பிள்ளையளும் சிரிச்சதுகள். இனி அந்த வகுப்பில நிண்டு, சத்தம் போடாதீங்கோ எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

பிறகு அவரே கேட்டார்.

"சண்டை நேரம் இதால பிளேன் போறதைக் கண்டிருக்கிறீங்களோ?"

கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டிருக்கேன் டீச்சர். வடக்க பாத்துப் போகும். புள்ளைங்க கிரவுண்டுக்கு ஓடுவாங்க. நான் தடுக்கல்ல. நானும் போய்க் கை காட்டியிருக்கேன்."

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதுக்குக் கொஞ்ச நேரத்தில நாங்கள் பங்கருக்குள்ள இறங்கியிருப்பம்" என்றார். சண்டைக்கு இழுக்கும் குரல் அல்ல. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். வீட்டுக்கு வரும்வரை மனைவியிடம்கூட முகம் கொடுக்க முடியவில்லை.

3. பிறகு

மறுநாள் காலை எட்டாம் வகுப்பில் போய் நின்று, சிரித்தது என் பிழை என்று சொன்னேன். விமானம் வருகிறது என்று நினைத்த அந்த நொடியில் டீச்சர் முதலில் தேடியது தான் ஒளிய ஓர் இடத்தை அல்ல, உங்களைத்தான் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் டீச்சர் வந்தார். இடமாற்றப் பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது வரலாறு படிப்பிக்க வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். நான் அந்தப் பாடத்தை எப்போதும் விமானியின் ஆசனத்தில் இருந்தே படிப்பித்தேன். யார் எத்தனை விமானம் வீழ்த்தினார், எது வேகமாகப் பறந்தது என்றே போய்விட்டது. கீழே இருந்தவர்கள் என் பாடத்தில் வரவே இல்லை. நீங்கள் தரையில் இருந்து தொடங்குங்கள்.

ஓய்வு பெறும்வரை அந்தப் பாடத்தை நான் நின்ற இடத்திலேயே, சத்தமில்லாமல் நடத்தினேன். டஸ்டரைத் தொடவில்லை. டீச்சருக்கும் அது தெரியும். ஆனாலும் பதினோராம் வகுப்பில் அந்தப் பாடம் நடக்கும் நாளில் டீச்சர் தன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எழுப்பி, கொப்பிகளோடு மைதானத்து மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அரைச்சுவருக்கு அப்பால் கிடந்த அந்த வெறும் கதிரைகளைப் பார்த்தபடிதான் நான் ஒவ்வொரு வருடமும் பாடத்தை முடித்தேன்.