மூன்று மீட்டர் எங்கே போனது? சிவாஜிநகரிலிருந்து கோலாருக்கு ஒரு காமா கருவியோடு

தங்கம் தேடுகிறவர்கள் பூமியில் போடும் துளைகளுக்குள் கருவி இறக்கி, எந்த ஆழத்தில் என்ன பாறை என்று அளந்து கொடுப்பது என் அம்மாவின் தம்பி செல்வம் மாமாவின் தொழில். பத்தாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து நான் அவருக்கு உதவியாள். போன செவ்வாய்க்கிழமை அவர் ஜீப்போடு கோலார் பக்கம் முன்னால் போய்விட்டார். பெங்களூர் சிவாஜிநகரில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த காமா கருவியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும் வேலை என் தலையில் விழுந்தது.

கருவி என்றால் ஒன்றரை மீட்டர் நீள இரும்புக் குழாய். ஒன்பது கிலோ. காலை 9:10க்குக் கடையில் வாங்கினேன். மெட்ரோவில் விடமாட்டார்களோ என்ற பயத்தில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ, 180 ரூபாய். 10:05 பஸ்ஸில் கண்டக்டர், "என்னம்மா இது, ராக்கெட்டா?" என்று சத்தமாகக் கேட்க, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆதாரைக் காட்டினேன், பெண் என்பதால் எனக்கு இலவசம். குழாய்க்கு ஆதார் இல்லை, லக்கேஜ் 40 ரூபாய்.

கே.ஆர்.புரத்தைத் தாண்டவே ஐம்பது நிமிடம். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரும் குழாயைத் தாண்டினார்கள், நான் அதை மடியில் பாதி ஏற்றிப் பிடித்துக்கொண்டே போனேன். எழுபது கிலோமீட்டருக்கு இரண்டு மணி இருபது நிமிடம். கோலாரிலிருந்து தளத்துக்கு 16 கிலோமீட்டர், ஆட்டோ 350. பேரம் பேச எனக்கு வராது, கேட்டதைக் கொடுத்தேன்.

1:30க்குக் கருவியைக் கேபிளில் மாட்டித் துளைக்குள் இறக்கினோம். பாறையிலிருந்து தானாக வரும் கதிர்வீச்சை அது அளக்கும். கிரானைட்டில் அளவு ஏறும், தங்கம் இருக்கக்கூடிய கறுப்புப் பாறையில் இறங்கும். துளையிலிருந்து எடுத்த கல் உருளைகளைப் பெட்டிகளில் வரிசையாக வைத்து, ஆழம் எழுதிய மரக்கட்டைகளை இடையிடையே வைத்திருந்தார்கள். 24 மீட்டரில் கிரானைட் முடிந்து கறுப்புப் பாறை தொடங்குகிறது என்று பெட்டியும் சொன்னது, கருவியும் சொன்னது. அந்தக் கறுப்புப் பாறை முடியும் இடம் பெட்டியில் 71 மீட்டர், கருவியில் 68. மறுபடி ஓட்டினோம். மறுபடியும் 68.

"பாப்பா பஸ்ல உருட்டிக்கிட்டு வந்திருக்கும்," என்றார் துளைபோடும் மேஸ்திரி. "நம்ம கணக்கு தப்பாது சார்."

"எங்கடி போட்ட?" என்றார் மாமா.

"எங்கயும் போடல மாமா."

"கருவி நம்பகமில்லைன்னு எழுதிடட்டுமா?" என்று கம்பெனியின் ஜியாலஜிஸ்ட் மேடம் பேனாவைத் திறந்தார். எழுதிவிட்டால் மாமாவுக்கு இந்தக் கம்பெனி வேலை போச்சு, எனக்கு மாமாவிடம் வேலை போச்சு.

பெட்டிகளைப் பார்த்தேன். 45க்கும் 48க்கும் நடுவில் கல்லே இல்லை. 'கல் வரவில்லை' என்று எழுதியிருந்தது.

"மாமா, இருபத்திநாலுல சரியாத்தானே இருக்கு," என்றேன்.

"வாய்க்குள்ளயே பேசாத. சத்தமா!"

"மேல சரியா காட்டுற கருவி கீழ மட்டும் சரியா மூணு மீட்டர் எப்படித் தப்பும்? துளை போட ஒண்ணோட ஒண்ணு மாட்டி இறக்குற ராடு ஒவ்வொண்ணும் மூணு மீட்டர். இங்க காணாமப் போன கல்லும் மூணு மீட்டர்."

மேடம் பேனாவை மூடினார். "மேஸ்திரி, ராடை எண்ணுங்க."

அவர் இரண்டு தடவை எண்ணினார். பதிவேட்டில் துளையின் ஆழம் 120 மீட்டர், வெளியே எடுத்து அடுக்கியிருந்த ராடுகளோ மொத்தம் 117 மீட்டர்தான். ஷிஃப்ட் மாறும்போது ஒரே ராடை இரண்டு பேரும் எழுதியிருக்கிறார்கள். போடாத துளையிலிருந்து கல் எப்படி வரும்? மேஸ்திரி, "எழுதுனவனக் கேக்கணும்," என்று எழுந்து போனார். மாமா மன்னிப்புக் கேட்கவில்லை. "கேபிளச் சுத்து," என்றார்.

இப்படிக் கருவியோடு கோலார் போகிறவர்களுக்கு: எட்டு மணிக்கு முன் பஸ் ஏறுங்கள், குழாய்க்கு ஒரு பழைய போர்வை கொண்டுபோங்கள், கோலார் ஆட்டோவுக்கு 250க்கு மேல் தராதீர்கள். அளவு ஒத்துவரவில்லையா? எந்த ஆழம் வரைக்கும் ஒத்துவருகிறது என்று முதலில் பாருங்கள். கருவியைத் திட்டுவதற்கு முன்னால் ராடை எண்ணுங்கள். கருவியைத் தூக்கி வந்தவளைத் திட்டுவதற்கு முன்னாலும்.