தொடர்பவர்கள் பெட்டியில் என் முகம்

ஹாம்பர்க்கில் நான் வேலை பார்க்கும் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் தினமும் காலை பத்து மணிக்கு ஒரு கூத்து நடக்கும். எதிர் மேசைக்காரர் யென்ஸ் ரொட்டியைக் கடித்தபடி கணினியில் ஒரு வலைப்பூவைத் திறப்பார். அவருக்குக் கொஞ்சமும் ஆகாத கட்சியின் ஆள் எழுதுவது அது. படிக்கப் படிக்க முகம் சிவக்கும். மூக்கால் ஒரு சத்தம் போடுவார். ஆனாலும் கடைசி வரி வரை விடமாட்டார். முதல் வருடம் முழுக்க இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒருநாள் பொறுக்காமல், "கட்சி மாறப் போகிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். கோப்பை தளும்பும் அளவுக்குச் சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து மேசைகளுக்கும் போய்ச் சொன்னார். நான் அவருக்காக நிஜமாகவே பயந்துபோய்த்தான் கேட்டேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெரு முனையில் இரண்டு படிப்பகங்கள் இருந்தன. இந்தப் பக்கம் ஒரு கொடிக்கம்பம், தகரக் கூரை, பெஞ்சு, பத்திரிகை. அந்தப் பக்கமும் அதேதான், கொடி மட்டும் வேறு. ஒருவர் என்ன படிக்கிறார் என்று யாரும் பார்க்கமாட்டார்கள், எந்தப் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பு முடிவு மாலைப் பத்திரிகையில் வந்த அன்று எங்கள் பக்கத்துப் பத்திரிகையைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. எதிர்ப் பக்கம் காலியாக இருந்தது. ஓடிப்போய் அங்கே உட்கார்ந்து என் எண்ணைத் தேடினேன். பாஸ். வீடு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. வாசலில் நின்ற அப்பா நான் பாஸா என்று கேட்கவில்லை. "அங்க இன்னாத்துக்குப் போயி குந்தின?" என்றார். அவர் முகத்தில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. அதன் பிறகு மூன்று நாள் எங்கள் படிப்பகத்தில் ஒவ்வொருவரிடமும், அது சின்னப் பொண்ணு, தெரியாமல் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாஸ் செய்ததற்கு அந்த வீட்டில் ஒரு மிட்டாய்கூட வாங்கவில்லை.

அப்படி வளர்ந்தவளுக்கு யென்ஸைப் பார்த்துப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? நாற்பது வயதாகிறது, இன்னும் அப்பாவின் பெஞ்சிலிருந்தே படித்துக்கொண்டிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. மாற்றுக் கருத்துள்ள தமிழ் வலைப்பூக்களைத் தேட ஆரம்பித்தேன். பாதி வெறும் வசவு. சிலவற்றில் தலைவர் புகழைத் தவிர வேறொன்றும் இல்லை. பலதும் எழுதி நிறுத்தி வருடக்கணக்கில் தூசு படிந்து கிடந்தன. தேடித் தேடி எண்ணூர்க்காரர் ஒருவரின் வலைப்பூ கிடைத்தது. எங்களுக்கு ஆகாத கட்சிதான். அவருடைய தலைவர் பாசம் எனக்குக் குமட்டியது. ஆனால் துறைமுக வாசலில் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றரை நாள் வரிசையில் நிற்பதையும், டிரைவர்கள் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதையும் அவர்தான் எழுதியிருந்தார். என் தம்பி சேகர் அந்த வரிசையில்தான் டிரெய்லர் ஓட்டுகிறான். எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவரும் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அன்றைக்கே 'தொடர்க' என்ற பொத்தானை அழுத்தினேன். புதுப் பதிவு வந்தால் எனக்குத் தெரியுமே என்ற ஒரே எண்ணம்தான்.

அந்தப் பொத்தான் இன்னொரு வேலையும் செய்தது. வலைப்பூவின் ஓரத்தில் தொடர்பவர்களின் படங்கள் கட்டம் கட்டமாக இருக்கும். அதில் என் படமும் போய் உட்கார்ந்துவிட்டது. தம்பி கல்யாணத்தில் எடுத்தது, பட்டுப்புடவை, தலை நிறைய பூ. மேலே அவர்கள் தலைவரின் பெரிய முகம், கீழே வரிசையாக எங்கள் சின்ன முகங்கள். வடசென்னையில் பிறந்த யாருக்காவது இதற்கு விளக்கம் வேண்டுமா? தெருவுக்குத் தெரு நிற்கும் ஃப்ளெக்ஸ் பேனர் இப்படித்தானே இருக்கும். கட்சியில் சேராதவன் முகம் அதில் எப்படி வரும்? எனக்கே அது தோன்றியிருக்க வேண்டும். இந்த ஊருக்கு வந்து புத்தி மழுங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் சேகர் கூப்பிட்டான்.

"யக்கா, இன்னா வேல பண்ணி வச்சிக்கீற? உன் மூஞ்சிய ரவுண்டு போட்டு ஏரியா குரூப்புல சுத்த வுட்டுகினு கீறானுங்க."

"அது படிக்கறதுக்குடா. சும்மா படிக்கத்தான்."

"படிக்கிறவ மூஞ்சிய எதுக்கு ஒட்டுற?"

அவன் சங்கம் எங்கள் கட்சியின் சங்கம். எந்த வண்டி எப்போது சரக்கேற்றி நடை போகலாம் என்று சொல்வது அவர்கள்தான். நான்கு நாளாக அவன் பெயர் பட்டியலில் வரவில்லையாம். ஏன் என்று கேட்டால், வரும், இரு என்கிறார்களாம். அவன் குரலில் எரிச்சல் இருந்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். அதில் அன்று வாசலில் நின்ற அப்பாவின் பயம் இருந்தது.

மறுநாள் அம்மா பேசினாள். சேகர் இல்லாத நேரம் பார்த்து இரண்டு பேர் வூட்டாண்ட வந்தார்களாம். மரியாதையாகத்தான் பேசினார்களாம். தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார்கள். "உங்க பொண்ணு அந்தாண்ட பூட்டாங்களாமேம்மா, சும்மாதான் கேட்டோம்" என்று சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் நின்று வீட்டை ஒரு போட்டோ எடுத்திருக்கிறார்கள். "எதுக்குமா போட்டோ?" என்று அம்மா என்னைக் கேட்டாள். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஹீட்டர் போட்ட அறையில் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டேன். அவர்கள் திட்டியிருந்தால்கூட இப்படிப் பயந்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயம். எடுக்காவிட்டால் அதைவிட மோசம்.

வலைப்பூவிலிருந்து என் படத்தை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? வட்டம் போட்ட படம் போனுக்குப் போன் போய்க்கொண்டிருந்தது. யென்ஸிடம் சொன்னேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அவர் மிகவும் அக்கறையாகக் கேட்டுவிட்டு, கணக்கின் அமைப்புகளில் எந்த இடத்துக்குப் போனால் இனி முகம் தெரியாமலே தொடரலாம் என்று கையோடு காட்டிக்கொடுத்தார். பிறகு, "உன் தம்பி அவர்களோடு உட்கார்ந்து பேசலாமே, அக்காவுக்குத் தனிக் கருத்து உண்டு என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்" என்றார். நல்ல மனிதர். அவருக்கு அந்தப் பெஞ்சைக் காட்ட எனக்கு ஜெர்மன் போதாது. சரி என்று தலையாட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

சேகர் சங்கத்துக்குப் போனான். அக்காவுக்குக் கம்ப்யூட்டர் சரியாகத் தெரியாது, கை பட்டுவிட்டது என்று சொன்னானாம். எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். இருந்தாலும் அப்பா சொன்ன அதே பொய்யைத்தானே அவனும் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வெறும் வாய் வார்த்தை போதாது, நம்ம தலைவர் பிறந்தநாள் பேனரில் உங்கள் அக்கா படம் வரட்டும் என்றார்கள். நல்ல படமாக ஒன்று அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். கேள்வியே கேட்கவில்லை. நெடுஞ்சாலையோரம் அந்த பேனர் ஏறியதைத் தம்பி போட்டோ எடுத்து அனுப்பினான். கீழ் வரிசையில் மூன்றாவதாக நான், பெயருக்குப் பக்கத்தில் 'ஜெர்மனி' என்று கொட்டை எழுத்தில். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே அவனுக்கு நடை கிடைத்தது, அதற்காக அந்தத் தலைவரை மனதுக்குள் கும்பிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது சேகர் கூப்பிட்டான். வரிசையில் நிற்கிறானாம், இருபது மணி நேரமாக வண்டி நகரவில்லையாம். கேபின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுகிறேன் என்றான். வெக்கையில் மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது.

"யக்கா, அந்த எண்ணூர் ஆளு லாரி லைன பத்தி புச்சா எதுனா எழுதிக்கீறானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எதுக்குடா அது?"

"இங்க நின்னுகினு கீறது நான். எவனாவது எழுதுனா தெரிஞ்சிக்கக் கூடாதா? லிங்க் கிங்க் எதுவும் அனுப்பாத. படிச்சிக் காட்டு, போதும்."

எழுதியிருந்தார். எந்த வாசல், எத்தனை வண்டி, கழிப்பறை கட்டித் தருவதாகச் சொன்னது யார், எல்லாம் இருந்தது. இயர்போனை மாட்டிக்கொண்டு, கைப்பையிலிருந்த அலுவலகக் கைக்கணினியில் என் கணக்குக்குள் நுழையாமலே அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒரு பத்தி படித்தேன். அவன் உம் கொட்டினான். இரண்டாவது பத்தியில் எங்கள் சங்கத்தின் பெயர் வந்தது.

"மெதுவாக்கா," என்றான்.

என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். ஒருவருக்கும் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. நான் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தேன்.